பக்கத்து சீட்டு

டீ நன்றாக இருந்தது, சார். சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல்.

ஸ்டேஷன் வாசலில் நிற்கும் எரிந்த வேனைப் பார்த்து, தீ எங்கே தொடங்கியது என்று எழுதித் தரச் சொல்லி வரவழைத்தீர்கள். வண்டிக்காரரின் மச்சானிடமே கேட்பதா என்று தயங்கினீர்கள் என்பதும் தெரியும். என்ன செய்வது, பழைய வண்டிகளின் ஒயரிங் என்றால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் என்னைத்தான் கைகாட்டுவார்கள். அதற்காக நான் வெயிலில் இறங்க வேண்டியதில்லை. தீ தொடங்கிய இடம், டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் அடி. எனக்கு ஆறு வாரமாகத் தெரியும்.

என் தங்கையை வளர்த்தது நான்தான். அம்மா, அப்பா போனபோது அவளுக்கு வயது ஒன்பது. பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம். அவளுக்காக வீட்டில் இரவெல்லாம் விளக்கு எரியும். கல்யாணமாகி அவளும் மாப்பிள்ளையும் மாடி அறைக்குப் போன பிறகும் நான் கீழே விளக்கை அணைக்கவில்லை. பழக்கம், அவ்வளவுதான்.

இந்த வருடம் மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. எட்டு மணி நேரப் பயணம். சாமான்களைத் தன் பழைய வேனிலேயே ஏற்றிக்கொண்டு போய்விடலாம் என்றார். அந்தச் சமயத்தில் பார்த்து வேனில் ஃபியூஸ் போக ஆரம்பித்தது. புது ஃபியூஸ் போட்டால் ஓடும். திடீரென்று நடுரோட்டில் நின்றுவிடும்.

நாலு நாள் தேடினேன். ஃபியூஸைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு பல்பை மாட்டுவது என் முறை. மற்ற இணைப்புகளை எல்லாம் பிரித்துவிட்டால் பல்பு எரியக் கூடாது. எரிந்தால், ஒயர் எங்கோ தோலுரிந்து இரும்பில் படுகிறது என்று அர்த்தம். ஒயரை அங்கங்கே ஆட்டிக்கொண்டே போனால் இடம் பிடிபட்டுவிடும். எனக்கு மட்டும் பிடிபடவில்லை. பக்கத்துப் பட்டறை வெல்டர் எட்டிப் பார்த்து, "என்ன மாஸ்டர், இந்தக் கிழட்டு வண்டி உங்களுக்கே பல்பு குடுத்திருச்சு போல" என்று சிரித்தார்.

ஐந்தாம் நாள் தங்கை காபி கொண்டுவந்தாள். உட்கார இடமில்லாமல் வேனில் ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். பல்பு எரிந்தது. டம்ளரை நீட்ட எழுந்தாள், அணைந்தது. மறுபடி உட்கார்ந்தாள், எரிந்தது. அவள் கவனிக்கவில்லை.

அவள் இறங்கியதும் சீட்டைத் தூக்கினேன். சீட்டின் இரும்புச் சட்டம் அழுத்தி அழுத்தி ஒயரின் தோலை அறுத்திருந்தது. ஆள் உட்கார்ந்தால் செம்பு இரும்பைத் தொடும். கோளாறு கண்ட இடத்தைச் சுற்றி சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவது என் வழக்கம். மாப்பிள்ளைக்கும் அது தெரியும். வட்டம் போட்டேன். அரை மணி நேர வேலை. கையில் டேப்பைக்கூட எடுத்துவிட்டேன்.

"சீக்கிரம் முடிச்சிடுண்ணா. அங்க வீடு பார்த்தாச்சு. வெள்ளிக்கிழமை கிளம்பறோம்."

டேப்பைப் பெட்டிக்குள் வைத்தேன். சீட்டைப் பழையபடி மாட்டினேன்.

மூன்று முறை கிளம்பினார்கள். மூன்று முறையும் ஆற்றுப் பாலம் தாண்டவில்லை.

"மச்சான், ஒண்ணு கவனிச்சீங்களா? நான் தனியாப் போனா குதிரை மாதிரி ஓடுது. உங்க தங்கச்சி ஏறினா படுத்துக்குது."

"அப்ப நீங்க குதிரையில போங்க. நான் பின்னாலயே நடந்து வரேன்" என்றாள் அவள்.

இருவரும் சிரித்தார்கள். அவர் இன்னும் ஓர் அடி யோசித்திருந்தால் சீட்டைத் தூக்கியிருப்பார். "பழைய வண்டி, மாப்பிள்ளை. ஈரம் இறங்கியிருக்கும்" என்றேன்.

நாலாவது முறை, ஞாயிற்றுக்கிழமை காலை. மெத்தை, தலையணை, பிரம்பு நாற்காலி எல்லாம் பின்னால் ஏற்றியாகிவிட்டது. மாப்பிள்ளை என்னை அழைத்துக் காட்டினார். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செம்புக் கம்பி.

"லாரிக்காரர் ஒருத்தர் சொன்னார், மச்சான். இனிமே போக ஃபியூஸே இல்லை. சரிதானே?"

ஃபியூஸ் என்பது ஒயருக்கு முன்னால் தான் சாவதற்காக வைப்பது. அதற்குப் பதில் கம்பி போட்டால் ஒயர்தான் எரியும். இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். சொன்னால் தேடுவார்கள், சீட்டைத் தூக்குவார்கள், என் வட்டத்தைப் பார்ப்பார்கள். தங்கை என்னைத் திரும்பிப் பார்க்கும் அந்தப் பார்வையை நினைத்தேன்.

"கெட்டியா இருக்கு. போயிட்டு வாங்க" என்றேன். அவள் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தியது நான்தான்.

இருபது நிமிடம் கழித்து போன் வந்தது. எடுக்கவே பயமாக இருந்தது.

"அண்ணா, ஏதோ தீயற வாடை வருது. காலடியில சூடா இருக்கு. இவர் நிறுத்திப் பாக்கலாமாங்கிறார். அண்ணனைக் கேட்டுக்கலாம்னேன்."

நிறுத்தினால் வட்டம்.

"புதுக் கம்பி சூடாகிற வாடை, பாப்பா. கொஞ்ச தூரத்துல போயிடும். நிறுத்தாதீங்க. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கோ."

"சரிண்ணா. நீ சொன்னா சரி."

மெத்தைப் பஞ்சு பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளை குதித்து, சுற்றி ஓடி, அவள் பக்கத்துக் கதவை வெறும் கையால் இழுத்திருக்கிறார். அந்தக் கைகளில் கட்டோடுதான் உங்கள் லாக்கப்பில் இருக்கிறார். மச்சானைக் கேட்டுத்தான் ஓட்டினேன் என்று அவர் சொன்னதை, பழியைத் தள்ளுகிறார் என்று நினைத்தீர்கள். இல்லை, சார். அவர் இன்னமும் என்னை நம்பித்தான் அதைச் சொல்கிறார். கம்பி மட்டும் அவர் போட்டது. மற்றதெல்லாம் நான்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே ஒரு வரி சேர்த்தால் நல்லது. அவள் சுபாவம் உங்களுக்குத் தெரியாது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில், நான் பக்கத்தில் இல்லாமல், அவள் தினம் தினம் பயந்தே செத்திருப்பாள். அந்தப் பயம் மட்டும் அவளுக்கு வராமல் பார்த்துக்கொண்டேன்.