டார்ச் பிடித்த கை

மீன்பிடிக் குடிசையின் கதவை இழுத்துச் சாத்துங்கள். ஹீட்டரைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள். மீன் கடித்தால் கடிக்கட்டும், இல்லாவிட்டால் போகட்டும். நம் காலுக்குக் கீழே பனிக்கட்டி. அதற்குக் கீழே ஏரி. அதற்குள் யார் யார் கிடக்கிறார்கள் என்று மட்டும் இந்நேரத்தில் கேட்காதீர்கள்.

ஸ்டெஃபான் இன்று வராததும் நல்லதாயிற்று. இது அவனுடைய அத்தைக்கு நடந்தது. அவன் இங்கே இருந்தால் என்னை வாயைத் திறக்க விடமாட்டான்.

ஜனவரி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஐந்தரை மணி... அதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. கிம்லி ஊருக்கு வடக்கே ஏரிக்கரையை ஒட்டிப் போகிற சரளைக்கல் ரோடு உங்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கோடைக்கு வந்து போகிறவர்களின் வீடுகள். எல்லாம் பூட்டிக் கிடக்கும். அன்றைக்குக் கடைசி வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. உள்ளே அந்த அத்தை சிக்ரூன், தனியாக.

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. டொக்... டொக்...

சொட்டுகிற குழாய் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கிறவன் வின்னிபெக் நகரத்தில் பிறந்தவனாக இருப்பான். இங்கே இருப்பவனுக்குத் தெரியும். சொட்டுச் சொட்டாகப் போகிற தண்ணீர் செப்டிக் டேங்குக்குப் போய்ச் சேராது. மண்ணுக்குள் போகிற குழாயிலேயே உறைந்து, உறைந்து, ஒருநாள் மொத்தமாக அடைத்துக்கொள்ளும். அப்புறம் வசந்தம் வரும்வரை பாத்திரம்கூடக் கழுவ முடியாது.

சிக்ரூனுக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அக்டோபரில் அவள் கணவர் பால்டரை அடக்கம் செய்த அன்று, மகள் ஜோஆன் அவளிடம் ஒரு சத்தியம் வாங்கியிருந்தாள். "இந்தக் குளிர்காலம் மட்டும் இரும்மா. ஆனா வீட்ல ஒண்ணு, ஒரே ஒண்ணு கெட்டுப்போனாலும் மூட்டையைக் கட்டிக்கிட்டு என்கூட வந்துரணும். சரியா?" சிக்ரூனும் சரி என்று தலையாட்டிவிட்டாள். எட்டாவது மாடியில், ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்துமிடம் தெரிகிற வீட்டில் போய் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவளுக்கு மூச்சு முட்டியது. ஜோஆன் மறுநாள் மதியம் வருவதாக இருந்தது. வரும்போது காலி அட்டைப் பெட்டிகளும் கொண்டு வருவாள் என்று சிக்ரூனுக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் போனில் பேசும்போதே மகள் கண்டுபிடித்துவிட்டாள்.

"அம்மா, அது என்ன சத்தம்?"

"எது?"

"டொக் டொக்னு கேக்குதே."

"கடிகாரம்டி."

"அந்தக் கடிகாரம் நின்னு பத்து வருஷமாச்சு."

"இப்ப ஓடுது. வைடி போனை, அடுப்புல பால் இருக்கு."

அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. பிளம்பரைக் கூப்பிட்டால் அவன் சாயங்காலமே காப்பிக் கடையில் சொல்லிவிடுவான், ராத்திரிக்குள் மகள் காதுக்குப் போய்விடும். ஆகவே அவளே செய்வது என்று முடிவு செய்தாள். நாற்பது வருஷமாகப் பார்த்த வேலைதானே. பார்த்த வேலை என்றால்... பால்டர் சிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்திருப்பார், இவள் டார்ச் பிடிப்பாள். உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கொடுமை தெரியும். "என் மூஞ்சில ஏன்டி அடிக்கிற? குழாய்ல அடி! அங்க இல்ல. இங்க. இங்க பிடி!" பேசிக்கொண்டே கையை வெளியே நீட்டுவார். எதைக் கேட்கிறாரோ அதை வைக்க வேண்டும். அந்தக் கையில் மூன்றே விரல்கள். வலை இழுக்கிற வின்ச் எந்திரத்தில் இளவயதிலேயே வலது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன. மிச்சமிருந்த மூன்றை வைத்துக்கொண்டு இந்தக் கரையில் உள்ள எல்லா எஞ்சினையும் அவர் பிரித்துப் போட்டிருக்கிறார்.

சிக்ரூன் சிங்க் அடியில் இருந்த சோப்புப் புட்டிகளையும் வெங்காயக் கூடையையும் எடுத்து வெளியே வைத்தாள். முதலில் தண்ணீரை அடைக்க வேண்டும். வால்வு பின்சுவரை ஒட்டி, வளைகுழாய்க்குப் பின்னால் இருந்தது. மல்லாந்து படுத்து, தோள்வரை உள்ளே போனாள். டார்ச்சைத் துண்டின்மேல் சாய்த்து வைத்திருந்தாள். வால்வை எட்டும்போது முழங்கை இடித்து டார்ச் உருண்டு போய்விட்டது. ஒரே இருட்டு.

"நாசமாப் போக" என்றாள். அவள் இதைவிடப் பெரிய வார்த்தையும் சொன்னதாக ஸ்டெஃபான் சொல்வான்.

வெளிச்சம் திரும்பி வந்தது.

மெதுவாக, தரையோடு வந்து, அவள் தோளில் ஏறி, வால்வின்மேல் நின்றது. துண்டில் பட்டுத் திரும்பியிருக்கும் என்று அவள் நினைத்தாள். நினைத்துக்கொண்டே வால்வைத் திருகினாள். இறுகியிருந்த வால்வு முனகிக்கொண்டே சுற்றியது. வெளியே வந்து பார்த்தபோது டார்ச் துண்டின்மேல்தான் இருந்தது. சமையலறை முழுக்க ஒரு வாசனை... ஈரக் கம்பளியின் வாசனை. பால்டர் ஏரியிலிருந்து வந்து கோட்டைக் கழற்றி ஹீட்டர் பக்கத்தில் போட்டால் வருமே, அதே வாசனை.

பிறகு வேலையைப் பார்த்தாள். திருகு எதுவும் உள்ளே விழாமல் சிங்க் ஓட்டையைத் துணியால் அடைத்தாள். கைப்பிடியைக் கழற்றினாள், நட்டைத் தளர்த்தினாள், உள்தண்டை வெளியே எடுத்தாள். அடியில் வாஷர். போன கோடையில்தான் பால்டர் புதிதாகப் போட்டிருந்தார். ரப்பர் தேயவேயில்லை. ஆனால் நடுவில் ஒரு கீறல், ஆழமாக, நகத்தால் கிழித்தது போல. இதென்னடா என்று பார்த்துவிட்டு, டப்பாவிலிருந்து புது வாஷரைத் தேடி எடுத்து மாட்டி முடுக்கினாள். கையெல்லாம் கருப்பு.

மறுபடி அடியில் படுத்து வால்வைத் திறந்தாள். வால்வின் கழுத்தில் தண்ணீர் கசிந்தது. பழைய வால்வைத் தொட்டால் அப்படித்தான். நட்டைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். ஸ்பேனரோ மேலே மேசையில் இருந்தது. எழுந்து போகத் தெம்பில்லை. ஏதோ ஞாபகத்தில் வலது கையை வெளியே நீட்டி, "ஸ்பேனர்" என்றாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது.

மேசைமேல் இரும்பு நகரும் சத்தம் கேட்டது. பலகைத் தரை முனகியது. ஒரு முறை... இன்னொரு முறை... ஸ்பேனர் அவள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. அத்தோடு விடவில்லை. ஒரு கை அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி ஸ்பேனரைப் பிடிக்க வைத்தது. பனிக்கட்டிக் குளிர். ஈரம். அவள் கத்தவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து காதுக்குள் போனது.

"வந்துட்டியா?" என்று கேட்டாள்.

வெளிச்சம் கொஞ்சம் நடுங்கியது. "சரி, ஆட்டாதே. நேரா பிடி" என்றாள். நேராக நின்றது. நட்டை இறுக்கினாள், கசிவு நின்றது. வெளியே தவழ்ந்து வந்து பார்த்தால் யாரும் இல்லை. டார்ச் தரையில் நட்டுக்குத்தலாக நின்று எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிச் சின்னக் குட்டையாகத் தண்ணீர். அலமாரியின் வெள்ளைக் கதவில், எழுந்திருக்கும்போது ஊன்றியது போல, கருப்பாக ஒரு கையின் பதிவு.

அக்டோபருக்குப் பிறகு முதல் தடவையாக அன்று அவள் இரண்டு கோப்பைகளில் காப்பி ஊற்றினாள். கதவை மட்டும் துடைக்கவில்லை.

மறுநாள் மதியம் ஜோஆன் வந்தாள். காலி அட்டைப் பெட்டிகளோடுதான் வந்தாள். நேராகக் குழாயிடம் போய், திறந்து, மூடி, காதை வைத்துக் கேட்டாள். ஒரு சொட்டு இல்லை.

"யாரைக் கூப்பிட்ட?"

"யாரையும் கூப்பிடல. நானேதான்."

"நீயா? பல்ப் மாத்தவே அப்பாவைக் கத்திக் கூப்பிடுவியே!"

"அதெல்லாம் அப்ப. வா, ஒண்ணு காட்டுறேன்." கையைப் பிடித்து இழுத்துப் போய் அந்தக் கதவைக் காட்டினாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். ஜோஆன் முதலில் சிரித்தாள். பிறகு குனிந்து பார்த்தாள்.

"அம்மா... இது வலது கை."

"ம்."

"அஞ்சு விரலும் இருக்கும்மா."

சிக்ரூன் மேசை முன்னால் போய் உட்கார்ந்து, சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு காப்பியை உறிஞ்சினாள்.

"தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"என் விரலை மடக்கும்போதே எண்ணிட்டேன். உங்கப்பா கை எனக்குத் தெரியாதாடி?"

"உன் கையாத்தான் இருக்கும். நீயே ஊனியிருப்ப."

"வெச்சுப் பாத்தேன். அதுக்குள்ள என் கை ரெண்டு அடங்கும்."

"அப்ப இது யாரு?" ஜோஆனின் குரல் கீச்சென்று வந்தது. "அம்மா, இது யாரும்மா?"

"யாரா இருந்தா என்ன? உங்கப்பா நாப்பது வருஷத்துல ஒரே ஒரு நாள் எனக்கு டார்ச் பிடிச்சிருக்காரா, சொல்லு!"

ஜோஆன் அழ ஆரம்பித்துவிட்டாள். கோட்டை எடுத்து அம்மாவின் தோளில் போட்டாள். பெட்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இப்படியே கிளம்பு, சத்தியம் பண்ணியிருக்கிறாய், என்றாள். சிக்ரூனுக்கும் மகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோட்டின் ஒரு கைக்குள் கையை நுழைத்தும் விட்டாள்.

டொக்.

இரண்டு பேரும் குழாயைத் திரும்பிப் பார்த்தார்கள். நேற்று மாட்டிய வாஷர்.

டொக்... டொக்...

சிக்ரூன் கோட்டிலிருந்து கையை உருவிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் பயந்துபோனேன் என்று ஜோஆன் பிறகு ஸ்டெஃபானிடம் சொன்னாளாம். கதவைத் தட்டுகிறவரைப் பார்க்க ஆசையாக எழுந்து போகிறவள் முகம் அது. தலைமுடியைக்கூடக் கையால் சரி செய்துகொண்டாள்.

"நீ கொஞ்ச நேரம் பின்வாசல்ல நில்லு ஜோ. ஆள் இருந்தா வராது."

"அம்மா, வேண்டாம்மா..."

"அஞ்சு நிமிஷ வேலைடி. போ."

வெளியே தள்ளித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டாள். பட்டப்பகல், ஆனாலும் ஏரிப் பக்கம் மூட்டமாக இருந்தது. ஜோஆன் கதவின் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். சிங்குக்கு அடியிலிருந்து அம்மாவின் கால்கள் இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் யாரும் இல்லை. இடுப்பு உயரத்தில் டார்ச் வெளிச்சம் மட்டும் அசையாமல் நின்றது, அம்மாவை நோக்கி. அம்மாவின் கை வெளியே நீண்டு வந்து, விரலை விரித்துக்கொண்டு, காத்திருந்தது.

ஜோஆன் கண்ணாடியைத் தட்டினாள்.

அந்த வெளிச்சம் மெல்லத் திரும்பியது. அறையைக் கடந்து வந்து, கண்ணாடி வழியாக, நேராக அவள் முகத்தில் அடித்தது. அங்கேயே நின்றது.

சிங்குக்கு அடியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"அங்க இல்ல. இங்க. இங்க பிடி."

வெளிச்சம் சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போனது.