ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு

என் கடையில் சாப்பிட்டு இளைத்தவர் என்று தைனானில் ஒருவரைக் காட்ட முடியாது, டாக்டர். உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் எதிர்ச் சாரியில் இந்தப் பிராணி வைத்தியசாலையைத் திறந்தபோது உங்கள் வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் போட முடிந்தது. இப்போது முடிவதில்லை. தினமும் காலையில் நான் போடும் முட்டை தோசையும் சோயா பாலும் செய்த வேலை அது. அதனால்தான் என் பூனைக்குட்டி மாந்தோ ஏன் வளரவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டபோது, அதற்கு நான் எப்படிச் சாப்பாடு போடுகிறேன் என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. யார்தான் கேட்பார்கள்?

தெருப்பூனைகளைக் காப்பாற்றும் பேயின் என்ற பெண்தான் குட்டியைத் தன் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். “முதலாளியம்மா, ஒரு கிலோ ஆகுற வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும். அப்புறம் நல்ல இடமாப் பாத்துத் தள்ளி விட்டுடலாம்” என்றாள். சாப்பாட்டுப் பெயர் வைத்தால் குட்டி கொழுகொழுவென்று வளரும் என்பது நம் ஊர் வழக்கம். ஆவியில் வெந்த வெள்ளை ரொட்டியைவிடக் கொழுகொழுப்பானது எது? மாந்தோ என்று கூப்பிட்டேன்.

ஆரம்பத்தில் வஞ்சகமில்லாமல்தான் போட்டேன். அதுவும் மளமளவென்று ஏறியது. அந்த நேரம் பார்த்து காவ்ஷியுங்கிலிருந்து ச்சுவாங் தம்பதி மாந்தோவை எடுத்து வளர்க்க, கல்யாணத்துக்குப் போலப் பெண் கேட்டு வந்தார்கள். முறையெல்லாம் தெரிந்தவர்கள். உப்புப் பொட்டலமும், சிவப்பு நாடா கட்டிய கருவாடும் சீராகக் கொண்டுவந்தார்கள். அது தாய்ப்பூனைக்குச் சேரவேண்டியது. தாய் இல்லாததால் என் கையில் கொடுத்தார்கள். பஞ்சாங்கம் பார்த்து நாளும் குறித்தாயிற்று. “எங்க வீட்டுக்கு வர்றியாடி, தங்கக்கட்டி?” என்று அந்த அம்மாள் கேட்டாள். மாந்தோ அவள் மூக்கை நக்கியது. எனக்குச் சுருக்கென்று இருந்தது.

என் மகன் ஜுன்ஹொங்கை உங்களுக்குத் தெரியாது. பால்மீன் கஞ்சி கொடுத்து வளர்த்தேன். கேட்டதற்கு மேல் இரண்டு அகப்பை போட்டேன். கடை நிலைவாசலில் தலை இடிக்கும் அளவுக்கு வளர்ந்தான். வளர்ந்ததும் வான்கூவருக்குப் போய்விட்டான். புத்தாண்டுக்குப் போனில் ஒரு சிரிக்கிற பொம்மை அனுப்புவான். நான் செய்த தப்பு எனக்குத் தெரிகிறது. அந்த இரண்டு அகப்பைதான்.

மாந்தோ விஷயத்தில் சற்று யோசித்து நடந்துகொண்டேன். ஆட்டுப்பால் மாவில் தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாக விட்டேன். வெள்ளையாக இருந்தால் பால்தான் என்று எல்லோரும் நம்புகிறார்கள். பேயின் வரும்போது கிண்ணம் நிறைய மீன் வைப்பேன். அவள் வண்டி முனை திரும்பியதும் எடுத்து, பக்கத்துக் கடை நாய் ஆஹெய்க்குப் போட்டுவிடுவேன். ஆஹெய் ஏன் இப்படி உருண்டுவிட்டது என்று நீங்கள் அதன் முதலாளியைத் திட்டி, பத்தியம் எழுதிக் கொடுத்தீர்களே, நினைவிருக்கிறதா? பாவம், அவர் இன்னும் அதற்கு வேகவைத்த முட்டைக்கோஸ்தான் கொடுக்கிறார்.

நான் பட்டினி போடவில்லை. குறைத்தேன், அவ்வளவுதான். நீங்கள் பூனை வைத்தியர், இது உங்களுக்கே தெரிந்திருக்கும்: வயிறு நிறைந்த குட்டி ஜன்னலில் போய் உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்கும். பசித்த குட்டி மடியை விட்டு இறங்கவே இறங்காது. என் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்கும். அப்படி ஒரு பாசத்தை நான் பார்த்ததே இல்லை.

நீங்களும் உங்களால் ஆனதைச் செய்தீர்கள். புழு மருந்து கொடுத்தீர்கள். ரத்தம் எடுத்தீர்கள். இங்கேயே சில நாள் வைத்திருந்தபோது அது அள்ளி அள்ளித் தின்று எடை கூடியது. என்னிடம் திரும்பி வந்ததும் குறைந்தது. நான் பயந்தேன். நீங்களோ நெற்றியைச் சொறிந்துகொண்டு, “உங்க வீட்டுல ஏதோ ஒண்ணு இதுக்கு ஒத்துக்கல முதலாளியம்மா. தரை துடைக்கிற மருந்தை மாத்திப் பாருங்க” என்றீர்கள். மாற்றினேன். டாக்டர் சொல்லை நான் தட்டியதே கிடையாது.

ஒரு கிலோ ஆகாததால் குறித்த நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. ஒவ்வொரு முறையும் நான் அழுதேன், அது நடிப்பில்லை. பேயின் என்னைக் கட்டிக்கொண்டு, “நீங்க மட்டும் இல்லேன்னா இது எப்பவோ செத்துருக்கும் அக்கா” என்பாள். அவள் சொன்னதில் ஓரளவு உண்மை இருந்தது. தினமும் உயிரோடு எழுந்திருக்கும் அளவுக்கு நான் கணக்காகத்தான் கொடுத்தேன்.

ஆனால் நேற்று மாந்தோவால் நாற்காலியில் ஏற முடியவில்லை. தாவியது, வழுக்கி விழுந்தது, என்னைப் பார்த்தது. தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். குடலில் ஏதாவது இருக்கலாம், வயிற்றைத் திறந்து பார்த்துவிடலாம், இவ்வளவு சின்ன உடம்பு மயக்க மருந்தைத் தாங்குவது சந்தேகம்தான் என்றீர்கள். ச்சுவாங் அம்மாளும் போனில், “நோஞ்சானா இருந்தா என்ன, பொழச்சு வந்தாப் போதும், நாங்க பாத்துக்கறோம்” என்று அழுதாள். அவளை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆனாலும் குட்டியை இங்கே விட்டுப்போனபின் ராத்திரி முழுக்க மடி காலியாக இருந்தது. மாந்தோ செத்துப்போனால் என்ன செய்வேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் கடையைத் திறக்காமல் வந்திருக்கிறேன். கத்தியை வைத்துவிடுங்கள், டாக்டர். அதற்கு எந்த நோயும் கிடையாது. வயிற்றைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொண்டது நான்தான்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? நல்ல செய்திதானே சொன்னேன்? ஆபரேஷன் இல்லை என்றால் இன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிப்போகலாம், இல்லையா? கூடை கொண்டுவந்திருக்கிறேன்.