சாவி என்னிடம்தான் இருந்தது

தேநீரில் சர்க்கரை வேண்டாம் என்று நான் சொன்னதும் அந்தப் பெண் காவலர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அவர் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் சர்க்கரை இல்லாத தேநீர்தான். என் கணவருக்காகத்தான் நானும் பழகினேன். பழகிய பிறகு இனிப்பு நாக்கில் ஒட்டிக்கொள்கிறது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். போன் இல்லாமல் நான்கு நாள் இருக்கலாம் என்பது என் யோசனை இல்லை. அவருடையது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் போன் அவருக்கு வரும். ஆள் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரிடம் பேசிக்கொண்டே இருப்பதும் அவர் வேலைதான். நாங்கள் சந்தித்ததே அப்படி. நான் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பரிசோதனைக்கு வந்த தண்ணீர்ப் புட்டிகளோடு லிஃப்டில் ஏறினேன். அது இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. அவசரப் பொத்தானை அழுத்தினேன். ஒரு குரல் வந்தது. எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. புதியவர்களிடம் எனக்குச் சத்தம் எழும்பாது, இப்போதும் அப்படித்தான்.

"உள்ள இருக்கீங்களா? பேச முடியலன்னா பரவாயில்ல. ஒரு தட்டு தட்டுங்க."

நான் சுவரில் ஒரு தட்டு தட்டினேன்.

"சரி. பதறாதீங்க. கதவைத் தள்ளாதீங்க. ஆள் வந்துக்கிட்டே இருக்கு."

கதவு திறக்கும்வரை அவர் பேசினார். மழையைப் பற்றி, தன் பசியைப் பற்றி, தன்னை வளர்த்த அக்காவைப் பற்றி. அதற்கு முன் யாரும் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியதில்லை. பேசிக்கொண்டே வந்து அவரே கதவைத் திறந்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அவருக்குச் சிறு வயதிலிருந்தே சர்க்கரை நோய். இன்சுலின் ஊசி இல்லாமல் முடியாது. மேற்கையில் ஒரு வில்லை ஒட்டியிருக்கும். அது சர்க்கரையை அளந்து போனுக்கு அனுப்பும். சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கினால் போன் அலறும். அவருடைய போன், என் போன், அவருடைய அக்காவின் போன், மூன்றும்.

அந்த அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவர் வேறு ஊரில் இருக்கிறார். ஆனால் நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வருவதற்குள் அவருடைய அழைப்பு வந்துவிடும். "இறங்குதும்மா, ஜூஸ் குடுத்தியா?" என்பார். நல்லவர். குரலில் குத்தல் இருக்காது. குடுத்துட்டேன் அண்ணி என்று சொல்லிவிட்டு, பிறகு ஓடிப்போய்க் கொடுப்பேன். என் கணவருக்கு என்ன ஆகிறது என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

சர்க்கரை இறங்கினால் சிலருக்குக் கோபம் வருமாம். அவருக்கு அன்பு வரும். உதட்டுக்கு மேல் வியர்க்கும். ஒரே வாக்கியத்தை இரண்டு முறை சொல்வார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த லிஃப்டில் கேட்ட குரலில் பேச ஆரம்பிப்பார். ஜூஸ் உள்ளே போனதும் சரியாகிவிடுவார். என்ன சொன்னார் என்று அவருக்கு நினைவிருக்காது. போனைத் தேடுவார்.

ஒருநாள் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்துகொண்டு எனக்கு 'உப்பு' என்று செய்தி அனுப்பினார். நான் உப்பை நகர்த்திவிட்டு, பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் முகம் மாறியது. இப்படியே போனால் நாம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் மாதிரி ஆகிவிடுவோம் என்றார். அந்த வாரமே ஏரிக்கரையில் ஒரு வீடு பிடித்தார். வியாழன் முதல் ஞாயிறு மாலை வரை போன் இல்லை, திரை இல்லை.

அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. தம்பியிடம் சண்டை போட்டார். கடைசியில் என்னிடம், "உன்னை நம்பித்தான் விடுறேன்மா" என்றார்.

தன் கருவிப் பெட்டியைக் காலி செய்து இரண்டு போன்களையும் அணைத்து அவர்தான் உள்ளே வைத்தார். பூட்டுவதற்கு முன் யோசித்தார்.

"அலாரத்துக்காவது ஒண்ணு வெளிய இருக்கட்டுமே."

"நான் இருக்கேன்ல" என்றேன்.

"நீ அலாரமா? உனக்குச் சத்தமே வராதே."

அவர் கிண்டல் அப்படித்தான் இருக்கும். நானும் சிரித்தேன். அவர் பெட்டியைப் பூட்டி என் உள்ளங்கையில் சாவியை வைத்தார். "நீயே வச்சுக்க. நான் கெஞ்சினாலும் குடுக்காத." இதை அவர் சொன்னார். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்றையும் பையில் வைத்திருந்தார். அதை நான் எடுத்து எங்கள் வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்தேன். அதிலும் திரை இருக்கிறது.

போன் இல்லாவிட்டால் பேசுவார் என்று நினைத்திருந்தேன். போன் இல்லாமல் அவர் அந்த வீட்டின் கதவுக் கீலைச் சரிசெய்தார். பக்கத்தில் குடியிருந்த வீட்டுச் சொந்தக்காரரிடம் போய்த் தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். உட்கார்ந்திருக்கும்போது கை தானாகக் காலிச் சட்டைப்பையைத் தடவியது. நான் ஏதாவது கேட்டால் "ம்" என்றார். வேண்டுமென்று இல்லை. சரியாக இருக்கும்போது அவருக்கு என்னிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

வியாழன் மாலை ஏரியைச் சுற்றி நடந்தோம். திரும்பி வரும் வழியில் அவர் உதட்டுக்கு மேல் வியர்த்தது. வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

"உன் கை எப்பவும் தண்ணி மாதிரி இருக்கு. தண்ணி மாதிரி இருக்கு உன் கை."

எந்தக் கருவியும் சொல்லாமல் நானே கண்டுபிடித்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. ஜூஸ் என் பையிலேயே இருந்தது. அவர் இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான். அன்று ஒன்றும் ஆகவில்லை.

என் வேலையைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் புரியும். தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்க, குடுவையில் இருக்கும் சிவப்புக் கரைசலில் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். வெகுநேரம் எதுவும் நடக்காது. பிறகு ஒரே ஒரு சொட்டில் சிவப்பு நீலமாகும். அந்தச் சொட்டில் நிறுத்த வேண்டும். அவசரக்காரர்களுக்கு அது கைவராது. எனக்கு வரும். கூடத்தில் மற்றவர்கள் தங்கள் குடுவையைக் கொண்டுவந்து என்னிடம் காட்டிவிட்டுப் போவார்கள். எப்போதாவது எனக்கும் ஒரு சொட்டு கூடிவிடும். கொட்டிக் கழுவிவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். மாதிரித் தண்ணீர் எப்போதும் மீதம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை இன்னும் கொஞ்சம் காத்திருந்தேன். அவர் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, அந்த லிஃப்ட் கதவு திறந்ததும் முதலில் தெரிந்தது என் செருப்புதான் என்றார். அதை என்னிடம் அவர் சொன்னதே இல்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அன்றுதான் கேட்டேன். ஜூஸ் குடித்ததும் எழுந்து உட்கார்ந்து, "என்ன பேசிட்டிருந்தோம்?" என்றார்.

சனிக்கிழமை காலையில் ஊசி போட்டுக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். அந்த ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும். அடுப்பில் முட்டை இருந்தது. ரொட்டி பக்கத்தில் இருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"என்ன பண்ற உள்ள? பசிக்குதுல்ல."

"இதோ ஆயிடுச்சு" என்றேன்.

அவர் சட்டைப்பையில் எப்போதும் இனிப்பு மிட்டாய் வைத்திருப்பார். அந்தச் சட்டையை முந்தின நாள் துவைத்துக் காயப்போட்டிருந்தேன். மிட்டாய் சமையலறையில், ஜூஸோடு, என் பக்கத்தில் இருந்தது. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் எனக்கு வசதி.

பிறகு நான் வெளியே வந்து அவர் எதிரே உட்கார்ந்தேன். டம்ளரில் ஜூஸ் ஊற்றிக் கையில் வைத்திருந்தேன். முகம் முழுக்க வியர்த்திருந்தது. ஆனால் அன்று அவர் என் கையைப் பிடிக்கவில்லை. சாவி என்றார். "சாவி குடு. அக்காவைக் கூப்பிடு. அக்காவைக் கூப்பிடு." அவர் கை மேசைமேல் டம்ளரைத் தேடி வந்தது. நான் டம்ளரைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினேன். கெஞ்சினார், இல்லை என்று சொல்லவில்லை. கெஞ்சினாலும் கொடுக்காதே என்று சொன்னவரும் அவர்தான்.

அந்த நேரத்தில் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்கிறீர்கள். ஆமாம். ஆனால் அவர் அப்போது அக்காவோடு பேசிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் போனால் என்னிடம் வருவார் என்று எனக்குத் தெரியும்.

நாற்காலியிலிருந்து சரிந்தார். நான் தலையைப் பிடித்துத் தரையில் மெதுவாக விட்டேன், அடிபடவில்லை. கண் திறந்திருந்தது. என்னைத் தாண்டி எங்கோ பார்த்தார். பிறகு அந்தக் குரல் வந்தது.

"உள்ள இருக்கீங்களா? ஒரு தட்டு தட்டுங்க."

நான் மேசைக்காலில் ஒரு தட்டு தட்டினேன்.

"சரி. பதறாதீங்க. ஆள் வந்துக்கிட்டே இருக்கு."

யாரும் வந்துகொண்டிருக்கவில்லை. ஆனால் அவர் அதைச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. டம்ளர் என் கையில்தான் இருந்தது. அவர் பேசி முடிக்கட்டும் என்று இருந்தேன். ஒருவர் பேசும்போது குறுக்கிடுவது என் பழக்கமில்லை.

அவர் பேச்சு நின்ற பிறகு ஜூஸைக் கொடுத்தேன். வாயோரமாக வழிந்துவிட்டது. துடைத்துவிட்டேன்.

வீட்டின் சொந்தக்காரர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். கூப்பிட வேண்டுமே. மதியம் வரை உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருந்தது. மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை சட்டைப்பையைத் தடவப் போகவில்லை. நாங்கள் எதற்காக அங்கே வந்தோமோ அது அன்று எங்களுக்குக் கிடைத்தது என்றுதான் நினைக்கிறேன். பிறகு சத்தம் நின்றது.

ஞாயிறு மாலை வரை பெட்டியை ஏன் திறக்கவில்லை என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். ஞாயிறு மாலைதான் திறப்பது என்று பேசியிருந்தோம்.

திறந்து என் போனை ஆன் செய்தேன். பிறகு அவருடையதையும் போட்டு, அவர் பக்கத்தில் தரையில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டும் அலறின. அண்ணியின் போனும் அலறியிருக்க வேண்டும், அழைப்பு உடனே வந்தது.

"ரொம்ப இறங்கிருச்சும்மா, ஜூஸ் குடுத்தியா?"

"தெரியும் அண்ணி" என்றேன். "குடுத்துட்டேன்."

இந்த ஒரு தடவை, அவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்திருந்தது.