முறிஞ்ச மூண்டு ஊசி

கமலேஸ்வரி: ...அப்ப, மூண்டாவதுமோ?

ஏரம்பு: ஓம், மூண்டாவதும்தான். உம்மட தம்பி ஜேர்மனியிலையிருந்து அனுப்பின, ஓட்டை துளைக்கிற நாலு கார்பைட் ஊசியிலை இனி ஒண்டுதான் மிச்சம்.

கமலேஸ்வரி: ஆர் முறிச்சது? உங்கட அருந்ததியோ?

ஏரம்பு: துளைக்கிற மேசையிலை வேறை ஆர் இருக்கிறது?

கமலேஸ்வரி: ஐயோ பாவம்! "அவளின்ரை கை ஆடாது, நீர் எழும்பும்" எண்டு ஆரோ சொன்ன மாதிரிக் கிடந்தது...

ஏரம்பு: குத்திக் கதையாதையும்.

கமலேஸ்வரி: கதைப்பன். ஆறு வரியமா இந்த றேடியோக் கடையிலை கைத்துறப்பணத்தைச் சுத்திச் சுத்தி சேர்க்கிட் போட்டுகளுக்கு ஓட்டை போட்டது நான். ஊசி அனுப்பினது என்ரை தம்பி. அது வந்த அண்டே என்ரை புருசன் நீங்கள் என்னை எழுப்பிப்போட்டு, நேற்று வந்தவளை அந்தக் கதிரையிலை இருத்தினியள்.

ஏரம்பு: உமக்கு என்னிலை சந்தேகம்.

கமலேஸ்வரி: உங்களிலையோ? சீ! உங்களை ஆர் கொத்திக்கொண்டு போகப்போறது! எனக்கு அந்தக் கதிரை வேணும். அவள் அதிலை இருந்து ஊசியைத் தொடேக்கை... எனக்கு வயிறு எரியுது. ஒளிக்காமச் சொல்லுறன்.

ஏரம்பு: உது உம்மட பழைய உருக்கு ஊசி இல்லை. உருக்கு வளைஞ்சு குடுக்கும். கார்பைட் வளையாது. நேர இறக்கி நேர ஏத்த வேணும். ஒரு மயிரளவு சரிச்சா...

கமலேஸ்வரி: படக்!

ஏரம்பு: அதுதான். கைத்துறப்பணத்திலை பூட்டவே ஏலாது. அதுக்குத்தானே மோட்டரும் ஸ்டாண்டும் செய்தனான்.

கமலேஸ்வரி: எனக்குப் படிப்பிக்காதேங்கோ. போட்டிலை பூட்டுற சாமானின்ரை சின்னக் கம்பிக் காலுக்குப் புள்ளி எட்டு மில்லி ஓட்டை, தடிச்ச காலுக்கு ஒரு மில்லி. நித்திரையிலை கேட்டாலும் சொல்லுவன்.

ஏரம்பு: சரி, விடும். அருந்ததியை நாளையிலையிருந்து வரவேண்டாம் எண்டு சொல்லப்போறன். கண்டாவளைக் கோயில் திருவிழா அம்பிளிபயருக்கு மிச்சம் கிடக்கிற ஊசியாலை நானே துளைக்கிறன்.

கமலேஸ்வரி: இஞ்சை, அவசரப்படாதேங்கோ.

ஏரம்பு: என்ன? சந்தோசமில்லையோ?

கமலேஸ்வரி: அவளை நிப்பாட்டாதேங்கோ.

ஏரம்பு: எட! இப்பதானே வயிறு எரியுது எண்டீர்?

கமலேஸ்வரி: எரியுதுதான். ஆனா அவளின்ரை தாய் சுப்பம்மா படுத்த படுக்கை. அவள் உழைச்சாத்தான் அங்கை உலை. பிழை அவளிலை இல்லை... என்னிலை.

ஏரம்பு: என்ன செய்தனீர்?

கமலேஸ்வரி: நாலு ஊசியையும் எடுத்து... தண்ணிக்குள்ள போட்டனான்.

ஏரம்பு: தண்ணிக்குள்ளயோ? என்னத்துக்கு?

கமலேஸ்வரி: பெட்டியிலை கார்பைட் எண்டு எழுதிக் கிடந்தது. வாழைக்குலை பழுக்க வைக்கிற கார்பைட் கல்லிலை தண்ணி பட்டா, சீறிப் பொங்கி மாவாப் போகுமெல்லோ? எனக்கில்லாதது அவளுக்கும் வேண்டாம் எண்டு...

ஏரம்பு: சீறினதோ?

கமலேஸ்வரி: ஒரு குமிழிகூட வரேல்லை. பேந்து பயத்திலை துடைச்சு வைச்சிட்டன். ஆனா உள்ளுக்குள்ள ஊறி உக்கியிருக்கும். அதுதான் ஒவ்வொண்டா முறியுது... என்ன சிரிப்பு?

ஏரம்பு: விசரி! அந்தக் கல்லு வேறை, இது வேறை. வரியக்கணக்காத் தண்ணிக்குள்ள கிடந்தாலும் இதுக்கு ஒண்டும் ஆகாது.

கமலேஸ்வரி: மெய்யாவோ? அப்பாடா! மூண்டு நாளாச் சோறு இறங்கேல்லை... நில்லுங்கோ. அப்ப அவள்தான் சரிச்சு முறிச்சவளோ?

ஏரம்பு: ...தேத்தண்ணி ஊத்துமன்.

கமலேஸ்வரி: இஞ்சாருங்கோ. என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ.

ஏரம்பு: அவள் ஒண்டும் முறிக்கேல்லை.

கமலேஸ்வரி: பின்னை ஆர்?

ஏரம்பு: நான்தான். மத்தியானத்திலை அவள் சாப்பிடப் போற நேரம்... துளைக்கப் பழகிப் பாத்தனான்.

கமலேஸ்வரி: அட பாவி மனிசா! முறிச்சதும் நீங்கள், பழியை அவளிலை போட்டுக் கலைக்கப் பாத்ததும் நீங்கள்! முதலாளிக்கு ஓட்டை போடுற வேலை என்னத்துக்கு? அதுக்கு நான் இருந்தனான்தானே. என்னை ஏன் அந்தக் கதிரையிலையிருந்து எழுப்பினியள்?

ஏரம்பு: போன திருவிழாவிலை, "சத்தம் கணீரெண்டு கிடக்கு, ஆர் செய்த அம்பிளிபயர்?" எண்டு ஐயர் கேக்க, சனம் முழுக்க உம்மட பேரைத்தான் சொல்லிச்சுது, கமலேசு. நான் பக்கத்திலைதான் நிண்டனான்; ஒருதரும் என்னைத் திரும்பிப் பாக்கேல்லை.