சம்மன் படத்தில் ஒரு கும்பிடு

ஒட்டுக்கேட்பது தப்பு என்று தெரிந்தும் கேட்டேன். இந்த வயதில் அது வெட்கம்தான். ஜொகூர் பாருவில், போக்குவரத்து அபராதச் சம்மனை எதிர்த்து முறையிட வந்தவர்களின் வரிசை அது. எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள்.

“லாரிக்காரர்தாங்க என்னைப் போகச் சொன்னாரு,” என்றார் அந்த அம்மா.

“அப்ப அவரையே சம்மன் கட்டச் சொல்லு.”

“மெர்சிங் ரோட்டுல செம்பனைக் குலை ஏத்துன லாரி பின்னாலயே எவ்ளோ நேரம் போறது? பாவம், இடது சிக்னல் போட்டு வழி விட்டாரு. விட்டா சட்டுனு முந்திடணும், அதானே மரியாதை? அழுத்துனேன், ஸ்பீடு கேமரா புடிச்சிருச்சி. இதை ஆபிசர்கிட்ட சொன்னா தள்ளுபடி பண்ணிருவாரு லா.”

“சம்மன்ல போட்டோ இருக்குல்ல, காட்டு.” வாங்கிப் பார்த்த கணவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “அலமாக்! ரெண்டு கையும் என்னடி மேல இருக்கு?”

“வழி விட்டவருக்குக் கும்பிடு போட்டேன்.”

“அப்ப ஸ்டீயரிங்க யாரு புடிச்சா?”

எனக்குச் சிரிப்பு வந்தது, இருமி மறைத்தேன். அதற்குள் அவர்களுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள்.

“ஏங்க, வாங்க, பேசாம கட்டிட்டுப் போயிருவோம். இதைப் பாத்தா இன்னொரு சம்மன் குடுத்துருவாரு.”

“இரு இரு,” என்றார் கணவர். “வந்தது வந்துட்டோம், ஆபிசருக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு வா.”