சோமாலி பெஞ்சுல என் கின்யா

அசையாதீங்கக்கா, பின்னல் கோணிக்கும்... ஆங், என்ன சொல்லிட்டிருந்தேன்? டீச்சர்! அந்தத் தலாசோ டீச்சருக்குக் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? என் மவ கின்யாவைக் கொண்டுபோய் சோமாலிப் புள்ளைங்க பெஞ்சுல உக்கார வெச்சிருக்கா! நானும் மேரு இனம், என் வீட்டுக்காரரும் மேரு. நாலு வயசுப் புள்ள மட்டும் சோமாலியா?

இந்த இசியோலோ ஊருல எங்க பக்கம் இருக்கறதே ஒரே ஒரு அரசாங்கப் பாலர் பள்ளி. துர்கானா, போரானா, சோமாலி, நாங்க... எல்லாம் அதுலதான். இப்ப பாஷைவாரியாப் பிரிச்சாச்சு. பிரிச்சது நல்லதுதான், அதை நான் குத்தம் சொல்லல. எப்படிப் பிரிச்சா தெரியுமா? ஒவ்வொண்ணுகிட்டயும் பேரு கேட்டாளாம். இது 'ஹோயோ'ன்னுச்சாம். ஹோயோன்னா சோமாலியில அம்மா! பேரைக் கேட்டா அம்மாங்குதுக்கா என் புள்ள.

எல்லாம் பக்கத்து வீட்டுச் சோமாலிக்காரி ஷுக்ரியால. அவங்கள்ல அப்படித்தான், அம்மாக்காரி புள்ளையையே 'ஹோயோ, சாப்பிட வா', 'ஹோயோ, மூக்கைத் தொடை'ம்பாங்க. நான் காலையில கடைக்கு வந்தா இருட்டித்தான் போறேன், புள்ள அவகிட்டதானே கெடக்கு. சோறு போட்டா, குளிப்பாட்டினா, சரி. அதுக்குன்னு பேரை மறக்கடிப்பாளா? நல்லவ வேற, சண்டை போடக்கூட வழியில்ல.

போய்க் கேட்டேன். மேரு பெஞ்சுக்கு மாத்துன்னேன், மாத்தினா. அங்க பேசறது ஒண்ணும் புரியாம இது முழிக்குதாம். நான் எப்ப பேசினேன், அதுக்குப் புரிய? அழுது அழுது வாந்தி எடுத்து, திரும்ப ஷுக்ரி மவன் பக்கத்துலயே கொண்டுவிட்டாச்சு. சரி, எல்லாரையும் பழையபடி கலந்து விடுங்கன்னேன். அந்த டீச்சர் சிரிக்காம கேக்குறா, 'ஏம்மா கக்வீரியா, பெத்தவங்க கூட்டத்துல பிரிக்கச் சொல்லி மேசையைத் தட்டினது யாரு?'ன்னு.

யாரா?... நான்தான். புள்ள வீட்டுல கண்ட பாஷையும் பேசுதேன்னு தட்டினேன். மத்த அம்மாமாருங்க கை தட்டுச்சுங்க. இப்ப அவங்கவங்க பெஞ்சு அவங்கவங்களுக்குப் புடிச்சுப் போச்சாம், கலக்கக் கூடாதாம்.

நேத்து கடையைச் சீக்கிரம் அடைச்சிட்டு நானே கூப்பிடப் போனேன். பள்ளி வாசல்ல நான், கொஞ்சம் தள்ளி ஷுக்ரி. 'ஹோயோ!'ன்னு கத்திக்கிட்டு ஓடி வந்துச்சு. நான் குனிஞ்சு ரெண்டு கையையும் விரிச்சேன்.

என்னைத் தாண்டிப் போச்சுக்கா.

என்னக்கா, கண்ணுல தண்ணி? ஐயோ, ரொம்ப இறுக்கிட்டேனா?