தெரு வரைக்கும் எட்டணும்

எவனோ தெருவுல நின்னுக்கிட்டு நம்ம வீட்டு நெட்டை உறிஞ்சறான், நீ பாட்டுக்கு ஜன்னல்ல நின்னு வேடிக்கை பாத்துக்கிட்டிருக்கே. இதான் சார், எங்க வீட்டுக்காரர் காலைல சொன்னது. ஒரு வார்த்தை கூட்டல, ஒரு வார்த்தை குறைக்கல. வாயில பிரஷ்ஷை வெச்சுக்கிட்டே சொன்னார். நான் மட்டும் சும்மா இருப்பேனா? உறிஞ்சறதுக்கு அதென்ன ஸ்ட்ரா போட்ட ஜூஸான்னு கேட்டேன். அதுக்கு ஒரு முறைப்பு. சட்டையெல்லாம் நுரை.

அய்யய்யோ, கை! கையை எடுங்க! அந்த பிளக்கை மட்டும் தொடாதீங்க சார்.

கத்தல, கத்தல. என் குரலே இப்படித்தான். பழைய ரூட்டரை எடுக்காம எப்படி புதுசை மாட்டறதுன்னுதானே கேக்கறீங்க? பக்கத்துல இன்னொரு பாயிண்ட் இருக்கு, அதுல புதுசுக்கு கரண்ட் குடுங்க. பேரு, பாஸ்வேர்டு எல்லாம் முதல்ல வெச்சுக்கலாம். லைன் ஒயரை கடைசியா இதுலேருந்து கழட்டி அதுல சொருகினாப் போதும். புதுசோட வந்த புத்தகத்துல பதினோராம் பக்கத்துல போட்டிருக்கு. நான் முழுசும் படிச்சாச்சு. அறுபத்தி நாலு பக்கம். கான்வென்ட்ல எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த சிஸ்டர், முன்னுரையை விட்டுட்டுப் படிச்சா விரல் முட்டியில ஸ்கேலாலயே போடுவாங்க. அந்த பயத்துல மருந்துச் சீட்டைக்கூட நான் முழுசாப் படிக்கிறவ.

அஞ்சரை வரைக்கும் பழசு ஓடட்டும். அவ்வளவுதான் கேக்கறேன். உங்களுக்கு அடுத்த வீடு காத்திருக்கு, தெரியுது, ரெண்டு தடவை வாட்சைப் பாத்துட்டீங்க. நான் அஞ்சு தடவை பாத்துட்டேன். மணி அஞ்சாகப் பத்து. டீ ஆறுது, குடிங்க.

அது என்ன கையில? ஓ, அவர் எழுதிக் குடுத்த சீட்டா? உங்க கடைக்கே வந்து குடுத்தாரா? குடுங்க பாப்போம். ஆகா, நம்பர் போட்டு எழுதியிருக்கார். ஒண்ணு, வீட்டு நெட்டோட பேரை மாத்தணும். ரெண்டு, பாஸ்வேர்டு பதினாறு எழுத்து, பெருசு சிறுசு நம்பர் புள்ளி எல்லாம் கலந்து. இதப் பாருங்களேன், கண்ணு டெஸ்ட் பண்ற போர்டுல கடைசி வரி மாதிரி இருக்கு. மூணு, ரூட்டரை நடு ஹால்ல வெக்கணும், தெருவுக்கு சிக்னல் போகக் கூடாது. நாலு, அடையாளம் தெரியாத கருவியை நிரந்தரமா தடை பண்ணணும். நிரந்தரமாங்கறதுக்குக் கீழ ரெண்டு கோடு வேற.

மூக்குக் கண்ணாடிக் கடை வெச்சிருக்கார் சார். வர்றவங்களை உக்கார வெச்சு, இப்ப தெரியுதா, இப்ப தெரியுதான்னு கேக்கறதுதான் முப்பது வருஷமா தொழில். வீட்டுக்குள்ள எதிர்ல நிக்கறது அவருக்குத் தெரியாது.

இந்த ரூட்டரை வாங்கறதுக்கு ஒன்றரை வருஷம் ஆராய்ச்சி பண்ணார்னா நம்புவீங்களா? எங்க கல்யாணத்துக்கு என்னை ஒரே தடவைதான் வந்து பாத்தார், அதுவும் பாதி நேரம் ஃபேனைப் பாத்தார். இதுக்கு நோட்டுப் போட்டு எழுதினார். ஆன்டெனா எத்தனை, எந்தச் சுவரைத் தாண்டும், எத்தனை வருஷத்துக்கு அந்தக் கம்பெனி பாதுகாப்பு அப்டேட் குடுக்கும், எல்லாம். ஒருநாள் எட்டுக் கொம்போட ஒண்ணைப் படத்துல காட்டினார், செத்த சிலந்தி மல்லாந்து கெடக்கற மாதிரி இருந்தது. அதை வீட்ல வெச்சா நான் வெளியில போயிடுவேன்னேன். கடைசில கடைக்காரர், மூணு ரூம் வீட்டுக்கு சின்னது போதும்னு சொன்னப்ப, பெருசுதான் வேணும்னு அடம் பிடிச்சது நான்தான். அவர் என்னை ஒரு மாதிரி பாத்தார். தெரு வரைக்கும் எட்டணும்னு அவர்கிட்ட சொல்ல முடியுமா?

ஆமா, அதான் சொன்னேன். தெரு வரைக்கும். எதிர்த்தாப்புல பஸ் ஸ்டாப் இருக்கே, அது வரைக்கும்.

சிரிக்காதீங்க. எல்லாரும் சிக்னல் வெளிய போகாம இருக்க வழி கேப்பாங்க, நீங்க பாத்த வீடுங்கள்லயே நான் ஒருத்திதான் இப்படின்னு நெனைக்கறீங்க. புரியுது. ஜன்னல் ஓரம் வெச்சா பாதி சிக்னல் ரோட்டுக்குப் போயிடும், பின் ரூமுக்கு சரியா வராது, அதுவும் தெரியும். போகட்டும் சார். பின் ரூம்ல இப்ப யாரும் இல்ல. இஸ்திரி போடற துணியும் ஒரு மடக்குக் கட்டிலும்தான் இருக்கு. அதுங்களுக்கு எதுக்கு நெட்டு?

சரி, பாஸ்வேர்டுக்கு வாங்க. இப்ப இருக்கறது என்னன்னு சொல்றேன், சிரிக்கக் கூடாது. அம்மாகத்தாதே. இங்கிலீஷ் எழுத்துல, எல்லாம் சின்ன எழுத்து, நடுவுல இடைவெளி கெடையாது, கடைசில ஒரு ஏழு. எங்க பொண்ணு ஒன்பதாவது படிக்கறப்ப வெச்சது. அன்னிலேருந்து வீட்டுக்கு யார் வந்து பாஸ்வேர்டு கேட்டாலும், நான்தான் நின்னு ஒவ்வொரு எழுத்தாச் சொல்லணும். என் நாத்தனார் ஒருத்தி, மூணு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னா, வேணும்னே. குழாய் ரிப்பேர்காரருக்குச் சொல்லியிருக்கேன். கீழ் வீட்டு டீச்சருக்கு, பெயின்ட் அடிக்க வந்தவங்களுக்கு, எல்லாருக்கும். அதான் சொல்றீங்க, அது பாஸ்வேர்டு இல்ல, ஊர் அறிஞ்ச ரகசியம். ஒத்துக்கறேன்.

அதனாலதான் நான் ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன். நாப்பத்தி ஓராம் பக்கம். விருந்தாளிங்களுக்குன்னு தனியா ஒரு நெட்டு வெச்சுக்கலாம்னு போட்டிருக்கு இல்ல? அதுல வர்றவங்க இன்டர்நெட் மட்டும்தான் பாக்க முடியும், வீட்டு கம்ப்யூட்டர், கடைக் கணக்கு எதையும் தொட முடியாது. சரிதானே? அப்ப அவர் சீட்டுல எழுதின பேரு, பதினாறு எழுத்து பாஸ்வேர்டு, அதெல்லாம் வீட்டு நெட்டுக்கு வெச்சுடுங்க. அவர் நிம்மதியா இருக்கட்டும். விருந்தாளி நெட்டுக்கு மட்டும் பழைய பேரையும் பழைய பாஸ்வேர்டையும் அப்படியே, ஒரு எழுத்து மாறாம போடுங்க. ஏற்கெனவே தெரிஞ்சு வெச்சிருக்கற ஃபோன் எல்லாம் கேக்காமலே தானா வந்து ஒட்டிக்கும். இல்லையா?

பாத்தீங்களா, நல்ல யோசனைன்னு நீங்களே சொல்றீங்க. அப்படியே இதையும் கேளுங்க. நெட்டுக்குப் புது வகைப் பாதுகாப்புப் பூட்டு மட்டும் போட்டா பழைய ஃபோனால உள்ள வர முடியாதாமே? விருந்தாளி நெட்டுக்கு பழைய வகையையே வெச்சுடுங்க. ஃபோன் பழசு. கண்ணாடி கீறி, மூலைல டேப் ஒட்டியிருக்கும். மாத்திக்கோன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

யாருதா? மணி என்ன? அஞ்சாக ரெண்டு. இந்தக் கடிகாரம் ரெண்டு நிமிஷம் வேகம்.

உக்காருங்க சார். தம்பின்னு கூப்பிடலாம்னா உங்களுக்கும் என்னை மாதிரியே நரைச்சிருக்கு. பொண்ணு இருக்கா உங்களுக்கு? ரெண்டா? பேசுவாங்களா? நல்லது.

அவர் சொல்ற திருடன் இருக்கானே, அவன் வியாழக்கிழமை மட்டும்தான் வருவான். சாயங்காலம் அஞ்சு மணிக்கு. இந்த லேப்டாப்ல லிஸ்ட் வரும் பாருங்க, எங்க வீட்ல பன்னெண்டு கருவி. டிவி, என் ஃபோன், அவர் ஃபோன், பிரின்டர்னு எல்லாம். அந்த நேரத்துல பதிமூணாவதா ஒண்ணு வரும். பேரு கெடையாது, வெறும் நம்பரும் எழுத்தும்தான். முதல் தடவை நானும் திருடன்னுதான் நெனைச்சேன். விளக்குமாத்தை எடுத்துக்கிட்டு ஜன்னலுக்குப் போனேன்னா பாத்துக்கோங்க. ரெண்டாவது மாடிலேருந்து விளக்குமாத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்னு அப்ப தோணல.

பஸ் ஸ்டாப்ல அந்த விளம்பர போர்டு இருக்கே, பல்லைக் காட்டிச் சிரிக்கற பொம்பளை, அது நிக்கறவங்க முகத்தை மறைச்சுடும். முட்டிக்குக் கீழதான் தெரியும். நாலஞ்சு பேர் காலு. அதுல ஒரு ஜோடி கால் மட்டும், ஒண்ணு தரையில, இன்னொண்ணு அது மேல ஏறி நிக்குது. கொக்கு மாதிரி. அப்படி நிக்காதே, இடுப்பு கோணிக்கும்னு பதினஞ்சு வருஷம் கத்தியிருக்கேன் நான். விளக்குமாத்தைக் கீழ போட்டுட்டேன்.

பஸ்ஸுக்கு நிக்கறாளோ என்னமோன்னு நீங்க சொல்றீங்க. நானும் அப்படித்தான் மனசைத் தேத்திக்கிட்டேன். ஆனா அவ வேலை பாக்கற இடம் எங்க, தங்கியிருக்கற ரூம் எங்க, ரெண்டுமே ஊரோட அந்தக் கோடி. இந்தப் பக்கம் வர்றதுக்கு அவளுக்கு ஒரு காரணமும் கெடையாது. பஸ்ஸு பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு வருது. அந்தப் பதிமூணாவது நம்பர் இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கும். ரெண்டு பஸ்ஸை விட்டுட்டு மூணாவதுல ஏறுறா சார். ஏழு வாரமா பாக்கறேன்.

நெட்டு பாக்கறாளான்னா, ஒண்ணும் பாக்கறதில்ல. எவ்வளவு செலவாகுதுன்னு லிஸ்ட்ல காட்டுதே. ஒண்ணுமே இல்ல. பையில இருக்கற ஃபோன் தானா ஒட்டிக்குது, அவளுக்கே தெரியுமோ தெரியாதோ. இன்னிக்கு பாஸ்வேர்டை மாத்திட்டு, ஒருநாள் அவ ஃபோனை எடுத்துப் பாத்தான்னா? வீட்டுப் பூட்டை மாத்திட்டாங்கன்னுதானே நெனைப்பா?

அவருக்குத் தெரியாது. அவர்கிட்ட ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அரைமணி நேரம் பேசுவா. நான் மெசேஜ் போட்டா கட்டை விரல் படம் ஒண்ணு வரும். சாப்பிட்டியா? கட்டை விரல். காய்ச்சல் விட்டுச்சா? கட்டை விரல். அவ்வளவுதான் எங்க பேச்சு.

வீட்டை விட்டு ஏன் போனாளா? நெட்டு சரியில்லைன்னு போனா. அப்படித்தான் அவங்கப்பாகிட்ட சொன்னா. பெரிய கம்பெனி, கட்டடத்துக்கு வரைபடம் போடறவங்க, மூணாவது சுத்து இன்டர்வியூ, எட்டு மாசமா அதுக்குத்தான் படிச்சா. கம்ப்யூட்டர்ல நாலு பேர் உக்காந்து கேள்வி கேட்டுக்கிட்டிருக்கறப்ப நடுவுல நெட்டு போயிடுச்சு. திரும்ப வந்தப்ப அவங்க யாரும் இல்ல. மறுபடி கூப்பிடவும் இல்ல. அடுத்த வாரமே துணிமணியை எடுத்துக்கிட்டு, சின்னதா வேறொரு வேலை, வேறொரு ரூம். அன்னிலேருந்து அவருக்கு இந்தப் பழைய பொட்டியைப் பாத்தாலே ஆகாது. இந்தச் சனியன்தான் என் பொண்ணை அனுப்பிச்சதுன்னு திட்டுவார். ஒன்றரை வருஷ ஆராய்ச்சி எதுக்குன்னு நெனைச்சீங்க? நல்லதா ஒண்ணு போட்டா திரும்பி வந்துடுவாளாம். போன ஞாயித்துக்கிழமை ஃபோன்ல அவகிட்ட ஆன்டெனாவை எண்ணிச் சொல்லிக்கிட்டிருந்தார். நான் சமையல் ரூம்ல நின்னு கேட்டேன். அந்த மனுஷன்தான் நாலாவதா எழுதியிருக்கார், நிரந்தரமா தடை பண்ணணும்னு.

இருங்க. இருங்க, லிஸ்ட்டைப் பாருங்க. பன்னெண்டுக்குக் கீழ. வந்துடுச்சு. மணி அஞ்சு மூணு. இன்னிக்கு லேட்டு. தலை சீவாம வந்திருப்பா.

ஜன்னல் கிட்டப் போகாதீங்க, திரைச் சீலை ஆடும். அந்த நீலச் செருப்பு தெரியுதா? அதான். கால் மேல கால்.

கீழ போய் கூப்பிட வேண்டியதுதானேன்னு சுலபமாச் சொல்லிட்டீங்க. போய் என்னன்னு சொல்லுவேன்? ஏழு வாரமா செருப்பை மாட்டிக்கிட்டு படி வரைக்கும் போயிட்டுத் திரும்பறேன். ஊரையெல்லாம் பேசற வாயி, அந்தப் படில இறங்கறப்ப ஒட்டிக்குது. அதோ முதல் பஸ்ஸு. ஏறல பாருங்க. போயிடுச்சு.

என்னது, பழைய ரூட்டர்ல கோளாறு இருக்கறதாத் தெரியலையா? நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? பதினோரு வருஷமா ஒருநாள்கூட தானா நின்னதில்ல சார் அது. அன்னிக்கு மணி ஒன்றரை. சாப்பாடு ஆறுதுன்னு மூணு தடவை கூப்பிட்டேன். கதவு சாத்தியிருந்தது, பதிலே இல்ல. இன்டர்வியூ இருக்குன்னு காலைலயே சொல்லியிருக்கா, மிக்ஸி ஓடிக்கிட்டிருந்தது, நான் தலையை ஆட்டியிருக்கேன். நெட்டு போனாதான் இவ வெளிய வருவான்னு, நீங்க கை வெக்கப் போனீங்களே, அதே பிளக்கைப் பிடுங்கினேன். வந்தா. பிளக்கு என் கையில இருந்தது, பாத்தா. உள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டா. அவங்கப்பாகிட்ட சொல்லல, இன்னிக்கு வரைக்கும் காட்டிக் குடுக்கல.

உங்க ஃபோன்தான் அடிக்குது. அவர்தான், மாட்டியாச்சான்னு கேக்க. என் செருப்பு எங்க? இங்க இருக்கு. ரெண்டாவது பஸ்ஸு திரும்புது பாருங்க, மூணாவதுக்கு இன்னும் பத்து நிமிஷம், நான் இறங்கிடுவேன், இந்த முறை இறங்கிடுவேன். சார், ஃபோனை எடுங்க. எடுத்து, நீங்க விவரம் தெரிஞ்சவரு, நீங்க சொன்னா நம்புவார், இந்தப் பழைய பொட்டி மேல ஒரு தப்பும் இல்லைன்னு சொல்லிடுங்க. அன்னிக்கும் இல்லைன்னு, பிடுங்கினது உங்க வீட்டம்மாதான்னு சொல்லிடுங்க. சொல்றீங்களா? அடிச்சுக்கிட்டே இருக்கே, எடுங்களேன். சார்?